அந்தக் கை

தோள் இன்னும் வலிக்கிறது. மெகந்தி போட்ட கையால் எதையும் தொடக்கூடாதாம். ஆகவே மனைவி, மகள், மச்சினி, பக்கத்து ஃபிளாட் அக்கா எல்லாருடைய கைப்பையும் நேற்று ராத்திரி என் தோளில். ஷார்ஜா முவைலாவில் தீபாவளிச் சந்தை. மணலில் காரை நிறுத்திவிட்டு நடந்த களைப்பு வேறு. கோபம் ஆறுவதற்குள், மெகந்தி போடுகிறவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

வரிசையாக மேசைகள். முதல் மேசையில் உட்காருவது நம் பரம்பரையிலேயே கிடையாது. எல்லா மேசையையும் சுற்றி வந்து, "கித்னா?" என்று கேட்டு, விலையைக் கேட்டதும் "வர்றோம்" என்று தமிழில் சொல்லிவிட்டு நகர்ந்து, கடைசியில் எங்கே கூட்டம் அதிகமோ அங்கே போய் நிற்போம். தி.நகரில் புடவை எடுக்கிற அதே இலக்கணம்தான்.

இதில் போட்டோ பார்க்கும் படலம் ஒன்று உண்டு. முதல் மேசைப் பெண், "டிசைன் தேகோ தீதி" என்று போனை நீட்டினார். ஒரு வலது கை. நீள விரல்கள், வெளிர் ரோஜா நகப்பூச்சு, மோதிர விரலில் சின்னக் கல், மணிக்கட்டில் மயில். "ஏங்க, சூப்பரா இல்ல?" என்றாள் மனைவி. சூப்பர்தான். இரண்டாவது மேசையிலும் போன். அதே கை, அதே கல், அதே மயில். "நீங்க போட்டதா?" என்று இந்தியில் கேட்டேன். "ஹாங் ஜி" என்றார், கண் சிமிட்டாமல். மூன்றாவது மேசையில் அந்தக் கை லேமினேட் ஆகியிருந்தது. நான்காவதில் படத்தைத் திருப்பிப் போட்டதால் இடது கை ஆகிவிட்டது. மயில் மட்டும் எதிர்த்திசையில் பார்த்தது.

யார் அந்தக் கைக்குச் சொந்தக்காரி? ஷார்ஜாவில் எல்லாரிடமும் கை நீட்டியிருக்கிறாளே, இடையில் கை கழுவினாளா? சாப்பாடு யார் ஊட்டினார்கள்? அவள் கைப்பையை எந்த அப்பாவி சுமந்தான்? மருதாணி மரபை அமீரகம் உள்ளிட்ட 16 அரபு நாடுகள் சேர்ந்து 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்களே, அப்போதே அந்தக் கையையும் தனியாகச் சேர்த்திருக்கலாம். மச்சினியிடம் இதைச் சொன்னேன். "மாமா, பையைக் கீழ வைக்காதீங்க, மணல் ஒட்டும்" என்றாள்.

அழிந்துபோகிற மெகந்திக்கே இவ்வளவு ஆல்பம். என் அப்பத்தா கையில் அழியாத பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது. குத்தியவள் தெருவோடு போன குறத்தி. அவள் ஆல்பமா காட்டினாள்? எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோதும், யாரும் நாலு பேரிடம் டிசைன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதாகத் தெரியவில்லை. 1976இல் ஹூஸ்டனில் டாட்டூக்காரர்கள் மாநாடே கூட்டினார்கள். அங்கே குத்துகிறவரின் உடம்பே பாதி விளம்பரம். நம் சந்தையில் ஒரு மெகந்திக்காரியின் கையிலாவது மெகந்தி இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் வெறுங்கை.

கடைசியில் கூட்டம் மொய்த்த மேசையிலேயே நின்றார்கள். அங்கே ஏன் கூட்டம் என்று பிறகுதான் புரிந்தது: அந்தப் பெண் மெதுவாகப் போடுகிறார்.

அரபு டிசைனா, ராஜஸ்தானியா, மயிலா, மாங்காயா, முழங்கை வரையா என்று அவ்வளவு விசாரணை நடந்தது. கோனுக்குள் என்ன இருக்கிறது, எப்போது கரைத்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்டேன். நாலு கைப்பைக்காரனை யார் மதிப்பது?

எரிச்சல் இருக்கட்டும், இது மட்டும் நிஜம். அசல் மருதாணி முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். மை மாதிரி கறுக்கவே கறுக்காது. உடனே கறுக்கும் 'பிளாக் மெகந்தி'யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. ரசாயனம் இருக்கும். தோல் கொப்பளித்துத் தழும்பே நின்றுவிடலாம். அரை மணியில் கறுப்பாகிவிடும் என்று யாராவது சொன்னால், போட்டோவில் எந்தக் கை இருந்தாலும் சரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.