பெட்டி படுக்கையோடு தேவகானம்

மாலுமி உடை போட்ட 25 சிறுவர்கள் மேடையில் வரிசையாக வந்து நின்று வாயைத் திறந்ததும் அரங்கிலிருக்கும் பெரியவர்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. அதுவரை பார்க்கிங் கட்டணத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கூட கைக்குட்டையைத் தேடுகிறார். இடைவேளையில், வானத்திலிருந்து இறங்கி வந்த குழந்தைகள் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை, விமானத்தில்தான் வந்திருப்பார்கள். ஆனால் இறங்கிய பிறகு பெட்டி வராமல் நின்றதையும், பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டதையும், ஓட்டல் லிப்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்ததையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வியன்னா சிறுவர் கொயர் போன்ற ஒரு குழு ஊர் ஊராகச் சுற்றுவதைப் பார்த்து ‘பாவம், நல்ல பாட்டுக்கு எத்தனை அலைச்சல்’ என்று உச்சுக்கொட்டுபவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. அலைச்சல்தான் அந்தக் கொயருக்குச் சோறு போடுகிறது, பயிற்சி தருகிறது, ஆளும் பிடித்துத் தருகிறது. அலைச்சலை எடுத்துவிட்டால் பாட்டும் மிஞ்சாது.

வியன்னா கொயரின் வரலாறே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. 1498ல் ஹாப்ஸ்பர்க் அரசர் முதலாம் மாக்சிமிலியன் தன் அரசவை இசைக்குழுவில் சிறுவர்களும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அன்றிலிருந்து 420 வருஷம் அந்தப் பையன்கள் அரண்மனைக்கு மட்டுமே பாடினார்கள். ராஜா வீட்டுப் பூசை, ராஜா வீட்டு விசேஷம், ராஜா வீட்டுச் சாப்பாடு. டிக்கெட் விற்கிற கவலையே இல்லை. 1918ல் ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது, படியளந்தவர்கள் போனார்கள், 1920ல் அரசவை இசைக்குழுவே கலைந்தது. 1924ல் யோசப் ஷ்னிட் என்ற பாதிரியார் சிறுவர்களை மட்டும் மறுபடி சேர்த்து ஒரு தனியார் அமைப்பாகத் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது, ஆனால் பையன்கள் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். 1926ல் காசு தட்டியதும் தேவாலயத்துக்கு வெளியே கச்சேரி செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே பிடித்த ஓட்டம் சுலபத்தில் நிற்கவில்லை. 1928ல் ஏதென்ஸ், ரீகா, 1932ல் அமெரிக்கா, 1934ல் ஆஸ்திரேலியா, 1936ல் தென் அமெரிக்கா. நாலு நூற்றாண்டு அரண்மனைக் கதவைத் தாண்டாத குழு பத்து வருஷத்தில் பூமியைச் சுற்றிவிட்டது. பசி இருந்தால் பூகோளம் தானாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் அரண்மனைச் சீருடையைக் கழற்றிவிட்டு, அப்போது குழந்தைகளுக்கு நாகரிகமாக இருந்த மாலுமி உடையைப் போட்டுவிட்டார்கள். சாம்ராஜ்யம் போனபோது ஆஸ்திரியாவின் கடற்கரையும் கூடவே போய்விட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கப்பல் படை இல்லை, துறைமுகம் இல்லை, காலை நனைக்க ஒரு முழம் கடல்கூட இல்லை. அப்படிப்பட்ட நாடு உலகத்துக்கு அனுப்பிவைத்த மாலுமிகள் இந்தப் பையன்கள் மட்டும்தான். அபத்தம் என்று தோன்றலாம். எனக்கென்னவோ மிகப் பொருத்தமாகவே படுகிறது. ஒரு வருஷத்தில் இவர்கள் தாண்டுகிற கடல்களை எண்ணிப் பார்த்தால், அந்த உடைக்கு வேறு யாருக்கு அதிக உரிமை?

இப்போது கணக்குக்கு வருவோம். சுமார் 100 பையன்கள், நாலு குழுக்கள். புரூக்னர், ஹைடன், மோட்ஸார்ட், ஷூபெர்ட் என்று இசையமைப்பாளர்களின் பெயர். எல்லாக் குழுக்களுமாக வருஷத்துக்கு ஏறக்குறைய 300 கச்சேரி. ஒவ்வொரு குழுவும் பள்ளி ஆண்டில் 9 முதல் 11 வாரம் வெளியூரில் இருக்கும். ஆக, ஒரு குழுவுக்கு வருஷத்துக்குச் சுமார் 75 மேடை. பத்து வயதில் சேர்ந்த ஒருவன் பதினான்கில் வெளியே வரும்போது 300 மேடை ஏறி இறங்கியிருப்பான். இத்தனை பழக்கத்தை எந்த இசைப் பள்ளியும் வகுப்பறையில் கொடுக்க முடியாது. எதிரொலிக்கிற தேவாலயம், சத்தத்தை விழுங்குகிற அரங்கம், இருமலையே பக்கவாத்தியமாக வைத்துக்கொண்ட சபை என்று ஒவ்வொரு ஊரும் ஒரு புதுப் பரீட்சை. ஒரே உருப்படியைப் பன்னிரண்டாவது தடவை பாடும்போது பையனுக்கு அலுத்துப்போகும், ஆனால் கேட்கிறவருக்கு அது முதல் தடவை. அலுப்பை முகத்தில் காட்டாமல் பாடுவது பெரிய வித்வான்களுக்கே முழுசாகக் கைவராத வித்தை.

மேடைக்குப் பின்னால் நடப்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாடுகிறவன் முழங்காலை விறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், தலைக்குப் போவது குறையும், பையன் அப்படியே சாய்ந்துவிடுவான். எந்தக் கொயருக்கும் தெரிந்த ஆபத்து இது. அதனால் முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்க முதலிலேயே பழக்குகிறார்கள். விமானத்தின் வறண்ட காற்று தொண்டைக்கு ஆகாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்தால் என்ன ஆகும் என்பது 25 பையன்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற யாருக்கும் தெரியும். ஒருவன் கைதூக்கினால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இன்னும் ஒன்பது பேருக்கு ஞாபகம் வரும். கிளம்பும்போது தலை எண்ண வேண்டும், ஒன்று குறையும், மறுபடி எண்ண வேண்டும். அந்த ஒருவன் ஸ்வீட் மெஷின் முன்னால் கண்டுபிடிக்கப்படுவான். மாலையில் இந்த அமளியே ஒழுங்காக வரிசைகட்டி நிற்கிறது. நீண்ட ஒரு சுரத்தை அறுபடாமல் பிடிக்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்திலிருப்பவன் எப்போது இழுப்பான் என்று தெரிந்து, அந்த நேரத்தில் தான் விடாமல் பிடித்திருக்க வேண்டும். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் இடித்துக்கொண்டு, இரவு அதே அறையில் அவன் குறட்டையையும் கேட்டவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தொழிலின் முதலீடு குரல். அதற்கு இருக்கிற கெடு வேறு எந்த முதலீட்டுக்கும் இல்லை. மகரக்கட்டு உடைந்த அன்றைக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதான். வியன்னாவின் ஸ்டீபன் பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஹைடன் 1749ல் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 17 வயது. கூடப் பாடிய ஒருவனின் சடையை வெட்டியது உடனடிக் காரணம் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. குரல் நன்றாக இருந்திருந்தால் சடைக்காக யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அரசவைக் கொயரில் இருந்த ஷூபெர்ட்டுக்கு 15 வயதில் குரல் போனது. 1812 ஜூலை 26 அன்று தான் கடைசியாகக் கரைந்ததாகப் பாட்டுத்தாளிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்றைய பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கிலேயே முடிந்துவிடுகிறது. ஊட்டமான சாப்பாடும் நல்ல ஆரோக்கியமும் பருவத்தைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுகின்றன. பையனை நன்றாக வளர்த்தால் பாட்டுக்காரன் போய்விடுவான் என்கிற சங்கடம் கொயர் நடத்துகிறவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. வித்வான்கள் எழுபது வயதில் ‘இப்போதுதான் ராகம் பிடிபடுகிறது’ என்று சொல்லலாம். இவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கற்றது பழுக்க இருபது வருஷம் காத்திருக்க வழியில்லாதபோது, இரவுக்கு இரவு மேடையேற்றிப் பழுக்க வைப்பது ஒன்றுதான் வழி. இன்னொரு விஷயமும் உண்டு. ஒன்பது வயதுப் பையனிடம் போய் பதினாறாம் நூற்றாண்டுப் பல்குரல் இசையின் மேன்மையை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஜப்பானுக்கு விமானத்தில் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஆள் எதற்கு வருகிறான் என்று தெரிந்துவிடும். இசைமேல் பிரியம் பிறகு தானாக வருகிறது, முதலில் வருவது ஜன்னலோர சீட்மேல்தான்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. குழந்தைகளை வைத்துப் பிழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வருஷத்தில் 9 முதல் 11 வாரம் வெளியூர் என்றால் மீதி நாற்பது வாரம் வியன்னாவின் ஆகார்ட்டன் மாளிகையில் பள்ளிக்கூடம், ஒத்திகை, கால்பந்து, விடுமுறை என்றுதான் போகிறது. விடியற்காலை டியூஷனும் ராத்திரி டியூஷனுமாகப் பிள்ளையின் பன்னிரண்டு மாதத்தையும் குத்தகைக்கு விட்டிருக்கிற பெற்றோர், பதினொரு வாரத்தைக் கொடுமை என்று சொல்வதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்கலாம். வீட்டு ஏக்கம் இருக்காதா என்றால், இருக்கும். அதை மறைக்க மாட்டேன். அதன் உச்சத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1939ல் வியன்னா மோட்ஸார்ட் சிறுவர் கொயர் என்ற வேறொரு குழு ஆஸ்திரேலியாவில் கச்சேரிப் பயணம் போயிருந்தபோது உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. ஊர் இப்போது எதிரி தேசம். மெல்பர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ் ஆதரவு கொடுத்தார். பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டோடு வைத்துக்கொண்டன. புனித பாட்ரிக் பேராலயத்துக்கு எதிர்பாராமல் ஒரு முதல்தரக் கொயர் கிடைத்தது. டூருக்கென்று பெட்டி கட்டியவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டெபான் ஹாக் பின்னாளில் ஆஸ்திரேலிய ஓபராவில் பெயர்பெற்ற இயக்குநரானார். இதைச் சுகமான கதை என்று நான் சொல்லவில்லை, அம்மா முகம் பார்க்காமல் பல வருஷம் போயிருக்கிறது. ஆனாலும் அந்நிய மண்ணில் அநாதையாக நின்ற நேரத்தில் அவர்களுக்கு வீடு தேடித் தந்ததும் அதே பாட்டுதான்.

அடுத்த மறுப்பில் சிரிக்க இடமில்லை. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பேராலயக் கொயரில் பல பத்தாண்டுகளில் குறைந்தது 547 சிறுவர்கள் அடி உதைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானதாக 2017ல் ஒரு விசாரணை அறிக்கை சொன்னது. இதைப் படித்தவர்கள், பெற்றோர் கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிக்கை சொன்ன மிக மோசமான கொடுமைகள் விடுதிக்குள், அதிலும் சின்னப் பிள்ளைகள் இருந்த ஆயத்தப் பள்ளியில் நடந்தவை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே இருந்தவர்களைக் கேள்வி கேட்க ஆளில்லை. பயணமும் தன்னால் பாதுகாப்பு ஆகிவிடாது, ஓட்டல் அறைக்கும் தாழ்ப்பாள் உண்டு. கண்காணிப்பு, இரண்டு பெரியவர்கள் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, பையன் புகார் சொன்னால் நம்புகிற காது, இவை பஸ்ஸிலும் வேண்டும், விடுதியிலும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல இசை நடந்தாலும் மூடிவிடுவதே தர்மம். அது கொயரை நடத்துகிற விதத்தைப் பற்றிய வாதம், ஊர் சுற்றக் கூடாது என்பதற்கு வாதமாகாது.

கடைசியாக, விவரம் தெரிந்தவர்கள் ஜெர்மனியின் லைப்சிக்கைக் காட்டுவார்கள். அங்கே தாமஸ் கொயர் 1212 முதல் இருக்கிறது, இசையமைப்பாளர் பாக் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், வெள்ளி சனி ஞாயிறு என்று தன் தேவாலயத்தில் பாடிக்கொண்டு எண்ணூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது, எந்த பஸ் காப்பாற்றியது என்று கேட்பார்கள். பதில் சுலபம், நகராட்சி காப்பாற்றியது. லைப்சிக் நகரம் தன் செலவில் நடத்துகிற கொயர் அது. அவர்களும் வெளிநாட்டு டூரை விட்டுவிடவில்லை. படியளக்க ஊரே இருக்கிறவர்களும் பெட்டி கட்டுகிறார்கள் என்றால் அதில் காசுக்கு மேல் ஏதோ இருக்கிறது. ஊர் சுற்றினால் மட்டும் பிழைத்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. 1937ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் தொடங்கி, பிறகு பிரின்ஸ்டனுக்குப் பெயர்ந்து, ஊர் ஊராகப் பாடிய அமெரிக்கன் பாய்கொயர் 2017ல் பணமில்லாமல் மூடப்பட்டது. பயணம் போதும் என்று நான் வாதிடவில்லை, பயணம் இல்லாமல் முடியாது என்றுதான் சொல்கிறேன். 2020ல் கொரோனா வந்து உலகம் கதவடைத்தபோது வியன்னாவில் ஒரு பையனுக்கும் குரல் போகவில்லை. போனது டூர் மட்டும்தான். கூடவே வருமானமும் போய், கொயர் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே, புதிதாகச் சிறுவர் கொயர் ஒன்று தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் பியானோ வாங்க ஓடாதீர்கள், அது போகிற ஊரிலெல்லாம் இருக்கும். குரலையும் தேடி அலைய வேண்டாம், ஒன்பது வயதுப் பையன் யாரை அழைத்தாலும் அது கூடவே வரும். நல்ல பஸ்ஸாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள், தலையை இரண்டு தடவை எண்ணத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். கிளம்புவதற்கு முன் எல்லோரையும் ஒரு தடவை பாத்ரூம் போகச் சொல்லுங்கள். மோட்ஸார்ட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.