புடவை மூட்டையும் மந்திரிக் கதிரையும்

லிந்துலைக் கடைத்தெருவில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் பேச்சை எடுத்தால் ஆளுக்கொரு கதை வரும். அவருக்கு முன்பே தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் என்றால், "எந்த டிவிசன் கணக்கப்பிள்ளை?" என்பார்கள். ஐயர் கோபிக்கமாட்டார். தோட்டத்துக்குள் மாறுவேஷத்தில் வந்த மனுஷன்தானே.

வெளியாள் லயத்துப்பக்கம் தலைகாட்டினால் துரைமார் அத்துமீறல் வழக்குப் போட்ட காலம் அது. தஞ்சாவூர்ப் பிராமணர் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வியாபாரியாக நுழைந்தார். சேலை விலை கேட்டவர்களுக்கு அவர்கள் உழைப்பின் விலையைச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு 'தேசபக்தன்' பத்திரிகை, 1931இல் அட்டனில் சங்கம், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபை. மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். ஐயர் பேச்சில் கண் சொக்கியவர்களை அம்மாள் பாட்டுத்தான் எழுப்பியிருக்கும் என்பது என் ஊகம்.

சௌமியமூர்த்தி தொண்டமானுக்கு மூட்டை தேவைப்படவில்லை. கங்காணியாக இருந்து உயர்ந்த அப்பா கருப்பையா, றம்பொடை வேவண்டன் தோட்டத்தையே வாங்கிவிட்டார். ஐயரை மறித்த மாதிரிக் கேட் ஒன்று இவருக்குச் சொந்தம். தோட்ட முதலாளியே தொழிலாளர் தலைவர் என்றால் வேறு ஊரில் சிரிப்பார்கள். நம்மூரில் அது கூடுதல் தகுதி: துரையின் தந்திரமெல்லாம் வீட்டுப்பாடமாகவே தெரியுமல்லவா!

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனம் பிடித்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. அந்த நவம்பரிலேயே ஐயர் கண்ணை மூடினார். மறுவருஷம் டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் தோட்டச் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓட்டும் பின்னாலேயே போனது. பார்க்காமல் தப்பித்தார் ஐயர்.

மாட்டிக்கொண்டவர் தொண்டமான். 1952இல் சத்தியாக்கிரகம் செய்தார், பலிக்கவில்லை. 1978இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார். அரசாங்கம் மாறினால் மந்திரி மாறுவது உலக வழக்கம். இவர் விஷயத்தில் கதிரை அசையவில்லை, 1994இல் அரசாங்கம்தான் மாறியது. 1999இல் சாகும்வரை மந்திரி.

ஆனாலும் 1986 பிரார்த்தனைப் போராட்டத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். காலையில் கொழுந்தெடுக்கப் போகாமல் சனம் சாமி கும்பிட்டது. சாமிக்கு எதிராக எந்தத் துரை நோட்டீஸ் ஒட்டுவான்? மந்திரிசபைக்குள் இருந்துகொண்டே அரசாங்கத்தை நெருக்க ஐயருக்குத் தெரிந்திராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எழுதுவது, பேசுவது, வாங்கிக் கட்டிக்கொள்வது.

அந்தப் பிரார்த்தனைக்குப் பிறகுதான் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமைக் கதவு திறந்தது. ஐயருக்குக் கிடைக்காத சிலையெல்லாம் தொண்டமானுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமையில்லை. சங்கச் சந்தாவை லயம் லயமாகப் போய்க் கேட்ட காலம் முடிந்து, தோட்ட ஆபிசே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் காலம் வந்ததே, அதற்கும் சேர்த்து ஒரு சிலை வைத்திருக்கலாம்.