கோட்டைக்கு முன்னால் வந்த பதக்கம்

சரித்திரம் என்றால் ஒரு வரிசை வேண்டும். ராஜா பிறப்பார், கோட்டை கட்டுவார், சண்டைக்குப் போவார், ஜெயித்தால் கல்வெட்டு வெட்டுவார். இந்தியாவின் இண்டோர் தடகளம் இந்த வரிசையைச் சட்டை செய்யவே இல்லை. முதலில் சண்டைக்குப் போனது. பதக்கம் வாங்கியது. அப்புறம்தான் கோட்டை கட்டியது. தேசிய இண்டோர் சாம்பியன்ஷிப் என்ற ஒன்று இந்தியத் தடகள சம்மேளனத்தின் அட்டவணையில் ஏறியது 2026-இல். ஆசியப் பதக்கங்கள் அதற்கு முன்பே அலமாரியில் தூசு படிந்துகொண்டிருந்தன.

ஜவ்வாது மலையடிவாரத்தில், சந்தவாசலில் இருந்துகொண்டு யோசித்தால் இந்தத் தாமதத்திலும் ஒரு நியாயம் தெரிகிறது. இங்கே ஓடுபாதை என்றால் படவேட்டுக்குப் போகிற தார் ரோடுதான். போலீஸ் செலக்ஷனுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய பையன்கள் விடியற்காலையில் ஓடிப் பழக அது போதும். பஸ் வந்தால் ஓரம் ஒதுங்கவேண்டும், அவ்வளவுதான் விதிமுறை. கூரைக்கு அடியில் ஓடுவது என்று ஒன்று உண்டென்றால், அது கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு ஓடுவது. அதில் நம் ஜனங்கள் உலகத் தரம். கோடு தாண்டி ஓடினாலும் யாரும் தகுதிநீக்கம் செய்யமாட்டார்கள்.

கூரை போட்டு ஓடவேண்டும் என்பது பனியில் மாட்டிக்கொண்டவர்களின் யோசனை. டிசம்பரில் வெளியே காலை வைத்தால் முழங்கால்வரை புதைகிற ஊரில் வேறென்ன செய்வது? நியூயார்க் அத்லெடிக் கிளப் 1868 நவம்பர் 11 அன்று ஒரு போட்டி நடத்தியது. இடம், இன்னும் கட்டி முடிக்காத ஒரு பனிச்சறுக்குக் கொட்டகை. கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் கர்டிஸ் அன்று ஆணி வைத்த ஓட்டச் செருப்பைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் அதுவரை யாரும் பார்க்காத சமாச்சாரம். ஒரே ஜோடியை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டு ஓடினார்கள் என்று சொல்வார்கள். அளவு சரியாக இருந்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1906 முதல் அமெரிக்கத் தேசிய இண்டோர் போட்டி வருஷா வருஷம் நடக்கிற வழக்கமாகி, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குடியேறியது. பலகை அடித்த ஓடுபாதை, சுற்றிலும் சுருட்டும் சிகரெட்டும் பிடித்துக்கொண்டு கனவான்கள். ஓடுகிறவன் ஒரு மைல் ஓடினால் ஒரு பாக்கெட் புகையும் உள்ளே போகும். உடல்நலத்துக்காக ஓட்டம் என்பதெல்லாம் பின்னால் வந்த கண்டுபிடிப்பு.

இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் சிக்கனம். நீச்சலுக்காக 1934-இல் கட்டிய வெம்பிளி எம்பயர் பூலில் மறுவருஷமே தேசிய இண்டோர் தடகளத்தை நடத்தினார்கள். 1965-இல் அதைக் காஸ்ஃபோர்ட் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். விமானம் நிறுத்துகிற கொட்டகைக்குள் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு தேசத்தின் சாம்பியன்கள் ஓடினார்கள். உலகத்தில் பாதியை ஆண்டவர்களுக்கு வந்த நிலைமை இது.

நம்மிடம் கொட்டகைக்கா பஞ்சம்? சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கம் இருக்கிறது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் அமர்க்களப்பட்டது. உள்ளே என்றால் உட்கார்ந்து ஆடுவது என்று தமிழ்நாடு தெளிவாக முடிவெடுத்திருக்கிறது. ஓடுகிறவர்கள் வெயிலில் ஓடட்டும்.

ஓடினார்கள். அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஆசிய இண்டோர் தடகளம் 2004-இல் தெஹ்ரானில் தொடங்கியது. வீட்டில் ஒரு இண்டோர் ஓடுபாதைகூட இல்லாத இந்தியாவும் அந்தப் போட்டிகளுக்குப் போய்வந்தது. 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானா. வெளியே உறைபனி. உள்ளே தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். மும்முறைத் தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் 16.98 மீட்டர், அதுவும் வெள்ளி. கோலூன்றித் தாண்டுதலில் சேலத்துப் பெண் பவித்ரா வெங்கடேஷ் 4 மீட்டர், இன்னொரு வெள்ளி. ஒரு உள்ளரங்க ஓடுபாதையைக்கூடக் கட்டாத மாநிலம் ஒரே போட்டியில் மூன்று வெள்ளியை வாரிக்கொண்டு வந்தது. தங்கத்தைக் குண்டு எறிந்த தஜிந்தர்பால் சிங் தூர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தெஹ்ரானில் தூர் மறுபடி தங்கம். ஜோதி யாராஜி 60 மீட்டர் தடை ஓட்டத்தை 8.12 விநாடியில் முடித்துத் தங்கம். 1500 மீட்டரில் ஹர்மிலன் பெயின்ஸ் தங்கம். 3000 மீட்டரில் குல்வீர் சிங் முதலாவதாக வந்தார், தங்கம் என்று நாடு கொண்டாடியது. பிறகு அதிகாரிகள் வந்து, உங்கள் கால் கோட்டை மீறியது என்று பிடுங்கிக்கொண்டார்கள். இண்டோர் பாதை ஒரு சுற்றுக்கு 200 மீட்டர்தான். 3000 மீட்டருக்கு 15 சுற்று. வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. வெளியே 400 மீட்டர் வட்டத்தில் வளர்ந்த கால் அங்கே எதைத்தான் மிதிக்காது?

வளைவுகளின் கொடுமைக்கு வேறு சாட்சியும் உண்டு. உள்பக்க லேனில் ஓடுகிறவனுக்கு வாய்ப்பே இல்லை என்று அலுத்துப்போய், 2004-க்குப் பிறகு உலக இண்டோர் போட்டியிலிருந்து 200 மீட்டர் ஓட்டத்தையே தூக்கிவிட்டார்கள். குல்வீரைத் தூக்கமுடியவில்லை. 2025 பிப்ரவரியில் பாஸ்டனில் 5000 மீட்டர் இண்டோர் ஓட்டத்தை 12 நிமிடம் 59.77 விநாடியில் முடித்தார். ஆசிய சாதனை. 13 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் இந்தியர். எல்லா வளைவுகளையும் ஒழுங்காகச் சுற்றி, கோட்டை மதித்து, பதில் சொல்லியாயிற்று.

கோட்டை கட்டுகிற வேலையை ஒடிசா எடுத்துக்கொண்டது. புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடிய வளாகத்தில் நாட்டின் முதல் இண்டோர் தடகள அரங்கம் 2024-இல் திறக்கப்பட்டது. அசோகர் படையெடுத்து வந்து மனம் மாறிய மண் அது. இந்தத் தடவை படையெடுக்க வேண்டியவர்கள் ஓட்டக்காரர்கள் என்பதால் மனமாற்றத்துக்கு இடமில்லை. அரங்கம் வந்த பிறகுதான் தேசிய சாம்பியன்ஷிப் என்ற நினைப்பும் வந்தது. இதற்காகச் சம்மேளனத்தைக் குறை சொல்லமாட்டேன். ஓடுபாதை இல்லாத ஊரில் ஓட்டப்போட்டி நடத்தாமல் இருந்தது, நம் நிர்வாக வரலாற்றிலேயே அபூர்வமான நிதானம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரஜ் சோப்ராவைத் தேடாதீர்கள். ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு மூன்றுக்கும் கூரைக்கு அடியில் அனுமதி கிடையாது. நூறு மீட்டரும் இல்லை, அதற்குப் பதில் 60. ஆண்கள் ஓட்டத்தில் ஜெயிக்கிறவர் ஏழு விநாடிக்குள் முடித்துவிடுவார். ஆகவே டீ குடிப்பதாக இருந்தால் முன்னாலேயே குடித்துவிடுங்கள்.