நான்கெல்லைக்குட்பட்ட பேத்தி

கைக்குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்று மகள் சொன்னபோது, பேத்திக்கு அப்போதுதான் தலை நின்றிருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2014-லேயே சொல்லிவிட்டார்களாம். சரி, படித்தால் போயிற்று. திண்டிவனத்தில் பத்திர எழுத்தராகக் காலம் தள்ளியவன் நான். எழுதியதைவிடப் படித்துக் காட்டியதுதான் அதிகம். விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சிகள், சந்தேகத்தோடு கூடவே வந்த பங்காளி எல்லாரும் சுற்றி நிற்க, ஓர் எழுத்து விடாமல் படிக்கவேண்டும். பங்காளி மட்டும், "இன்னொரு வாட்டி படிங்க" என்பார்.

மகள் வாங்கி வைத்திருந்த துணிப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு சொல். யானை. பூனை. பந்து. ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டது. புத்தகத்தின் மூலையைப் பேத்தி சப்ப ஆரம்பித்தாள், பிறகு அழவும் ஆரம்பித்தாள்.

அலமாரியில் பழைய கிரயப் பத்திர நகல் ஒன்று கிடந்தது. "தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா" என்று எடுத்ததுமே அழுகை நின்றது. 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானதையோ, 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்துபோனதையோ அவள் பொருட்படுத்தவில்லை. "ஏரி வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாட்டைக்குத் தெற்கு" என்று இழுக்கையில் கண் சொருகும். "இந்த நான்கெல்லைக்குட்பட்ட நஞ்சை" வருவதற்குள் தூங்கிவிடுவாள். விழித்திருக்கும் நாளில், "புத்திர பவுத்திர பாரம்பரியமாய்" என்ற இடத்தில் மட்டும் பாத்தியதை தெரிந்தவள்போல் சிரிப்பாள்.

"பச்சப் புள்ளைக்குப் படிக்கிற லட்சணமா இது? வில்லங்கம் புடிச்ச மனுஷன்!" என்றாள் மனைவி.

அறிவியல் என் கட்சி. 1986-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இருவர், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மாரை ஒரு கதைப் பகுதியைத் தினமும் உரக்கப் படிக்கவைத்தார்கள். பிறந்த குழந்தைகள், ரப்பரைச் சப்பும் விதத்தை மாற்றி மாற்றி, அதே பகுதியைத்தான் கேட்டு வாங்கின. வேறொரு குழந்தையின் தாய் படித்தாலும் சரிதானாம். ஆகக் குழந்தை பார்ப்பது அர்த்தத்தை அல்ல, ஓட்டத்தை. ஓட்டத்தில் கிரயப் பத்திரத்தை எந்தக் கதை ஜெயிக்கும்? நாலு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி போட்டால் வழக்கு வரும்.

ஐந்தாம் மாதம் பேத்தியை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார்கள். சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் படிக்கிறாராம், கால அட்டவணையை! ஒரு நாள் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை. மறுநாள் விருத்தாசலம், அரியலூர், திருச்சி. இன்னொரு நாள் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. விழுப்புரம் சந்திப்பிலிருந்து பாதைகளுக்கா பஞ்சம்? "அரியலூர் தாண்டலை, தூங்கிட்டா" என்று போனில் பெருமை வேறு. நான் நாலெல்லை கட்டி வைத்த பிள்ளைக்கு அவர் தண்டவாளம் போட்டுவிட்டார்.

போகட்டும். மாதம் ஒருமுறை அவளை ரயிலில் அழைத்துவருவது என் பொறுப்பு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று மஞ்சள் பலகைகளைச் சம்பந்தி பாணியில் படித்துவிட்டு, நடுவில் என் சரக்கையும் எடுப்பேன். பெட்டியில் இருப்பவர்கள் தயவுசெய்து முறைக்கவேண்டாம். வீட்டில் பழைய பத்திர நகல் சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்தால் ரொம்ப நல்லது, அதுதான் நீளம்.