குதிரை முகத்தாளும் யாழ்தேவியும்

காதல் முறிந்துபோகுமோ என்று நடுங்கும் ஒரு பெடியனைக் கதையில் வைக்க விரும்பும் எழுத்தாளர், முதல் வேலையாக அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், 'எனக்குப் பயமாயிருக்கு' என்று சொல்ல வைக்கிறார். சொன்ன கையோடு பயம் செத்துவிடுகிறது. பயந்தவன் பயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைப்பான் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையையே எடுத்துக்கொள்வோம். கடல், துறைமுகம், வடக்கு ரயில் பாதையின் கடைசி ஸ்டேசன் என்று பிரிந்துபோவதற்கு வேண்டிய சகல வசதியும் உள்ள ஊர். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கியவர்கள் கண்டிருந்தால் பூரித்திருப்பார்கள். ஆனால் இந்த ஊர்ப் பெடியனுக்கு உள்ளே உதறினால், யாழ்தேவி ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பான். பெட்டை, இன்னும் ஒருவரும் பார்க்காத சாதகம் பொருந்தவில்லை என்பாள். தாய் சீதனக் காணியின் வேலியைப் பற்றித் தொடங்கினா என்றால் நிற்பாட்ட ஏலாது. மூவரையும் உதறவைப்பது அந்த ஒரே பயந்தான்.

ஊரின் பழங்கதையே எனக்குச் சாட்சி. 'யாழ்ப்பாண வைபவமாலை' வழி வரும் கதையில் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குன்ம நோயும் குதிரை முகமும். கீரிமலையில் தீர்த்தமாடி இரண்டும் தீர, மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினாள்; விக்கிரகம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறையாயிற்று. அவளைக் கண்டு மயங்கிய மன்னன் உக்கிரசிங்கனுக்கோ சிங்க முகமாம். குதிரை முகத்தை நேற்றுத்தான் கழற்றியவள் ஒருத்தி, சிங்க முகத்தோடு காலம் தள்ளுபவன் ஒருவன். 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு அஞ்ச இவர்களைவிடத் தகுதியுள்ளவர்கள் ஆர்? இன்றைய நாவலாசிரியர் கையில் அகப்பட்டிருந்தால் இருவரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஆளுக்கு இருபது பக்கம் புலம்ப விட்டிருப்பார். பழங்கதை அந்தப் பக்கமே போகவில்லை. அவன் நடுச்சாமத்தில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். இதை வீரம் என்று சொல்லிவருகிறார்கள். எனக்கென்னவோ கேட்கப் பயந்தவனின் வேலையாகத்தான் படுகிறது. துணிவிருந்தால் பகலில் வந்து கேட்டிருப்பான். (இன்றென்றால் பொலிஸ் வரும்.)

வள்ளுவரைக் காட்டி என்னை மடக்கலாம். 'பிரிவாற்றாமை' அதிகாரத்தில் தலைவி பிரிவுக்கு அஞ்சுவதை வாய்விட்டே சொல்கிறாள் அல்லவா? சொல்கிறாள்தான். ஆனால் எப்போது? முன்பு அவன் பார்வையே இனித்தது, இப்போது தழுவலும் வலிக்கிறது என்கிறாள். அவன் இன்னும் போகவில்லை, கைக்குள்தான் இருக்கிறான். அதற்கு முந்திய குறளில், போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வருவேன் என்பதை அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்கிறாள். இது புலம்பலா? சுத்தமான யாழ்ப்பாணத்து வெட்டுப்பேச்சு. மங்களநாயகம் தம்பையா 1914இல் இன்னொரு வழி கண்டார்: நாவலுக்கு 'நொறுங்குண்ட இருதயம்' என்று பெயர் வைத்து, முடிவை அட்டையிலேயே போட்டுவிட்டார். பயப்படும் வேலை வாசகர் தலையில் விழுந்தது. பாத்திரங்கள் தங்கள் பாட்டில் வாழலாம்.

1990இல் போருக்குப் பயந்து வீடு வளவை விட்டு ஓடி, ஊரே உயர் பாதுகாப்பு வலயமானதைப் பார்த்த சனத்துக்குக் காதல் பயம் ஒரு ஆடம்பரம் அல்லவா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அல்ல என்பேன். பெரிதாக இழந்தவர்களுக்குச் சின்னதை நம்புவதும் கஷ்டம். 'பாப்பம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஆண்டு நின்ற ரயில் 2015 ஜனவரியில்தான் காங்கேசன்துறைக்குத் திரும்பியது. நாகபட்டினத்திலிருந்து 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய கப்பலோ மாரிக்குப் பயந்து ஒரு கிழமைக்குள் நின்று, அடுத்த ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் 'கப்பலில் வந்து உன்னைக் கட்டுவன்' என்று சத்தியம் பண்ணும்போது, எழுத்தாளர் அவள் கண்ணில் நீரை வரவழைக்கத் தேவையில்லை. 'மாரிக்கு முந்தியோ, பிந்தியோ?' என்று அவளைக் கேட்க விட்டால் போதும்.