சிக்கன் டின்னரும் தன்மதிப்பும்: வட்டகொடைப் பப்ஜி ஆட்டக்காரரின் முன்னேற்றம் குறித்து ஓர் ஆய்வு

தலவாக்கலை தாண்டி, கிரேட் வெஸ்டர்ன் வருமுன் ரயில் நிற்கும் வட்டகொடையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சில வருடங்களாக ஒரு கூற்று வழக்கில் உள்ளது: "மச்சான், நான் இப்ப முந்தி மாதிரி இல்ல." கூற்று நிகழும் களம் பெரும்பாலும் லயத்து இஸ்தோப்பு, பொழுது, நள்ளிரவுக்குப் பின். கூறுபவர் குடியை விட்டவர் அல்லர், படிப்பில் தேறியவரும் அல்லர். பப்ஜி மொபைல் ஆடுபவர். 2018இல் கைப்பேசிக்கு வந்த இந்த ஆட்டத்தில் நூறு பேர் ஒரு தீவில் குதித்து, நால்வர் நால்வராகச் சேர்ந்து, ஒரே ஸ்குவாட் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்வர். மிஞ்சிய ஸ்குவாட்டின் வெற்றிக்குச் 'சிக்கன் டின்னர்' என்று பெயர். 'முந்தி மாதிரி இல்லை' என்பதற்குச் சான்று யாது என்று இஸ்தோப்பில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் நட்பு கெடும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் தலவாக்கலையிலேயே இருந்தும், இந்தத் துறையைத் தீண்டாமல் விட்டிருக்கிறது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. எமது துணிபு இது: ஆட்டம் திரையில் காட்டும் எண்கள் எதிராளியை அளக்கும், போனை அளக்கும், நேரத்தை அளக்கும், ஆடுபவரை அளப்பது அவர் திரும்பத் திரும்பச் சாகும் விதம் ஒன்றே.

முதலில் வெற்றிவாதிகளின் கட்சியை எடுத்துக்கொள்வோம். சிக்கன் டின்னர் கூடினால் திறமை கூடியது என்பது இவர்களின் சித்தாந்தம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் இடம் கொடுக்கவில்லை. ஒரு ஆட்டத்தில் 25 ஸ்குவாட். எல்லாரும் சமபலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்குவாட் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 4. இந்தச் சராசரி ஸ்குவாட் 25 ஆட்டம் ஆடினால் ஒன்றில்கூட வெல்லாமல் எழுந்து போகும் வாய்ப்பு நூற்றுக்கு 36. அதே ஸ்குவாட் இரண்டு டின்னரோ அதற்கு மேலோ தின்னும் வாய்ப்பு நூற்றுக்கு 26. அதாவது நான்கு ஸ்குவாட்டில் ஒன்று, எதையும் புதிதாகக் கற்காமலே, 'நாம இரட்டிப்பா முன்னேறிட்டோம்' என்று முடிவு கட்டத் தகுதி பெறுகிறது. மறுபுறம், உண்மையிலேயே இரட்டிப்புத் திறமை உள்ள ஸ்குவாட்டுகளில் எட்டில் ஒன்று, 25 ஆட்டத்திலும் வெறும் வயிற்றோடு திரும்பும். சரி, நிறைய ஆடினால் உண்மை தெரியுமே என்பர். தெரியும். வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 4இலிருந்து 5 ஆனதை ஓரளவு நிச்சயமாகச் சொல்ல ஏறத்தாழ 1,500 ஆட்டம் வேண்டும். ஆட்டத்துக்கு அரை மணி என்றால் 750 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் தொண்ணூற்று நான்கு நாள் பெரட்டுக்குப் போனதற்குச் சமம். அதற்குள் சீசன் முடிந்திருக்கும், துப்பாக்கிகளின் பலம் மாறியிருக்கும், ஸ்குவாட்டில் ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பான்.

அடுத்தவர் புள்ளிவாதிகள். வெண்கலத்தில் தொடங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டயமண்ட், கிரவுன் எனப் படியேறி 4,200 புள்ளியில் ஏஸ் ஆனவரை முன்னேறியவர் என்று ஏற்கத் தடையென்ன என்பது இவர்கள் வினா. தடை உண்டு. புள்ளி கொலைக்கு மட்டும் கிடைப்பதன்று. உயிரோடு எத்தனை நேரம் இருந்தோம் என்பதற்கும் கிடைக்கும். ஆகவே ஆட்டத்தின் எராங்கல் தீவின் எட்டுக்கு எட்டு கிலோமீற்றர் பரப்பில் ஆள் வராத மூலையாகப் பார்த்துக் குதித்து, புல்லில் குப்புறப் படுத்து, சோன் (பாதுகாப்பு வட்டம்) சுருங்கும்போது மட்டும் ஊர்ந்து நகரும் ஒருவர், ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் மேலேறலாம். இவரிடம் வளர்ந்தது பொறுமை. பொறுமை பெரிய குணம்தான், மறுப்பதற்கில்லை. துப்பாக்கிச் சண்டையின் பாடத்திட்டத்தில் அது இல்லை. கொலைவாதிகளின் கே.டி. கணக்கும், அதாவது சாவுக்கு எத்தனை கொலை என்பதும், இவ்வழியே சாயும். கீழ்ப்படிகளில் எதிரே வருவோரில் பலர் மனிதரே அல்லர், பொட்கள்: நேர்கோட்டில் ஓடும், நின்று யோசிக்கும், மரத்தைச் சுட்டுவிட்டுப் பிறகு நம்மைச் சுடும். புதுக் கணக்கு திறந்தவர் முதல் வாரத்தில் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கொலை செய்து வீரராவதும், மேலே போகப் போக இரண்டுக்கே திணறுவதும் இதனால்தான். அவர் பின்னடைந்தாரில்லை, பொட் குறைந்து மனிதர் கூடினர்.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ ஒரு முறையை வகுத்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அதை 1970இல் ஏற்றது. அம்முறையில் 200 புள்ளி மேலே இருப்பவர் நான்கு ஆட்டத்தில் மூன்றளவு வெல்வார் என்று எதிர்பார்க்கலாம். அது சொல்வது இவர் அவரைவிட எவ்வளவு மேல் என்பதைத்தான். போன வருடத்து இவரைவிட இந்த வருடத்து இவர் மேலா என்பதை அன்று. ஊரே சேர்ந்து முன்னேறினால் எவர் புள்ளியும் அசையாது. தரப்படி ஆள் சேர்க்கும் எல்லா ஆட்டத்துக்கும் இந்தச் சாபம் உண்டு: நீங்கள் தேறியவுடன் உங்களைத் தேறியவர்களிடம் தள்ளிவிடும், பழையபடி தோற்பீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மழை கண்டு கொழுந்து பொங்கும்போது எல்லார் கிலோவும் ஏறும். தை, மாசிப் பனியிலும் வெயிலிலும் எல்லார் கிலோவும் இறங்கும். அதற்காகத் தை மாதத்தில் ஒரு பெண்ணுக்குக் கொழுந்தெடுக்க மறந்துவிட்டது என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்வதில்லை. அரைப் பேர் (அரைநாட் கூலி) போடுவார், அது வேறு வழக்கு. கை எப்படி என்று உண்மையில் அறிய விரும்பும் கங்காணி தராசைப் பார்ப்பதில்லை. கூடைக்குள் கையை விட்டு முற்றல் இலை எவ்வளவு என்று பார்க்கிறார். பிறகு நிரையில் நடந்து, விட்டுப்போன கொழுந்து எவ்வளவு என்று பார்க்கிறார். எமது முறையும் அதுவே. ஆனால் அதற்குமுன் இரண்டு கட்சிகளுக்கு விடை சொல்லவேண்டும்.

ஒன்று, 'ரேண்டம்' கட்சி. "நான் நல்லாத்தான் ஆடுறேன், வந்து சேர்ற மூணு பேரும் நூப்" என்பது இதன் மூல சூத்திரம். எதிரணிகளுக்கும் ரேண்டம்களே வருகிறார்கள் என்பதும், எல்லா ஆட்டத்திலும் மாறாமல் இருந்தவர் சூத்திரம் சொன்னவர் ஒருவரே என்பதும் இதற்கு வழக்கமான மறுப்பு. மறுப்பு சரி, எனினும் கட்சியில் ஒரு மணி உண்மை கிடக்கிறது. மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் 360க்காக வகுத்த ட்ரூஸ்கில் முறை, அணியின் முடிவை மட்டும் பார்த்து ஒவ்வொருவர் திறமையையும் ஊகிக்கும். ஒருவருக்கு ஒருவர் மோதினால் அதற்கு ஏறத்தாழ 12 ஆட்டம் போதும். நால்வர் நால்வராக இரண்டு அணி மோதினால் ஏறத்தாழ 46 வேண்டும். கூட்டத்தில் ஒருவரைப் பிரித்தறிவது இயந்திரத்துக்கே இத்தனை கடினம் என்றால், தோற்ற எரிச்சலில் இருப்பவருக்கு எப்படி என்று சொல்லவேண்டியதில்லை.

மற்றது கருவிக் கட்சி. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் அண்ணன் புதுப் போன் கொண்டுவருகிறார், தம்பியின் கே.டி. மறுநாளே ஏறுகிறது. நொடிக்கு 30 படம் காட்டிய திரை 60 காட்டினால் எதிராளி 17 மில்லிசெக்கன் வரை முன்னதாகத் தெரிவான். முன்னேறியது போன். மேல் லயத்தில் சிக்னல் நிற்கும், கீழ் லயத்தில் மலை மறைக்கும். இரவு டேட்டா தொடங்கும் நள்ளிரவுக்குப் பின் நெரிசல் குறைந்து பிங் இறங்கும். இத்தனையும் மாறிக்கொண்டே இருக்கையில் திரையின் எண்ணை ஒருவர் தம் திறமை என்று கொள்வது துணிச்சல்.

ஆகவே சாவுப் பேரேடு. ஒரு பழைய கொப்பி போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் எப்படிச் செத்தோம் என்று ஒரே வரி. பெட்டியில் லூட் பார்க்கும்போது பின்னால் பார்க்காமல். சோனுக்குப் பிந்தி வெட்டவெளியில் ஓடி. கூட்டாளி எட்டாத தூரத்தில் தனியாக ரஷ் போய். நடுவெளியில் நின்று தோட்டா மாற்றி. நாற்பது ஆட்டத்துக்குப் பின் பார்த்தால், மனிதர் நூறு விதமாகச் சாவதில்லை, மூன்று நான்கு விதமாகவே சாகிறார் என்பது தெரியவரும். அவற்றில் ஒன்று அடுத்த நாற்பதில் மறைந்தால் அவர் முன்னேறியவர், டின்னர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். எதிராளி வலுத்தால் அதே பிழைக்குத் தண்டனை கூடுமே, கணக்குப் பொய்க்காதா எனின், சாவின் எண்ணிக்கையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை; எல்லாச் சாவிலும் அந்த வகைச் சாவின் பங்கையே எடுக்கிறோம். வலுத்த எதிராளி எல்லா வகையிலும் கொல்வான், ஒரு வகையில் மட்டுமன்று.

எழுதுபவரே செத்தவர் என்பதால் காரணம் எப்போதும் 'லேக்' என்றே பதிவாகும் என்பது வலுவான தடை. விடை எளிது: எழுதும் வேலையைச் செத்தவரிடம் கொடுக்கக்கூடாது, அவருக்கு முன் செத்தவரிடம் கொடுக்கவேண்டும்; முதலில் செத்தவரின் வரியை உயிரோடு இருப்பவர் எழுதலாம். ஸ்குவாட்டில் முதலில் விழுந்தவருக்கு மற்றவர் ஆட்டத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பகையும் புதிதாக இருக்கும், பேனாவும் கூராக இருக்கும். 'லேக்' என்ற பத்தி வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், பிங் எண்ணைத் திரையில் காட்டினால் மட்டும். மூவர் தப்புவதற்காக ஒருவர் வெளியே ஓடிச் சூடு வாங்கிச் சாவதும் பிழையா என்றால், அன்று. அதற்குத் தனிப் பத்தி உண்டு, மற்ற மூவரும் கையொப்பமிடவேண்டும். விளையாட்டுக்குப் போய்க் கணக்கு எதற்கு என்று கேட்பவருக்கு இவ்வாய்வில் இடமில்லை; அவர் 'முந்தி மாதிரி இல்ல' என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

தீராத வழக்கு ஒன்றே எஞ்சுகிறது. நால்வரும் ஒரே ஜீப்பில் போய் வளைவில் கவிழ்ந்து ஒன்றாகச் செத்தால் சாவு யார் கணக்கில் ஏறும்? ஓட்டியவருக்கே முழுச் சாவு என்பது ஒரு கட்சி. வேகமாகப் போகச் சொன்னவருக்கு அரைச் சாவாவது போடவேண்டும் என்பது மறு கட்சி. பேரேடு எழுத உயிரோடும் ஒருவரில்லை, முந்திச் செத்தவரும் ஒருவரில்லை. இதற்கு விதி செய்வதை அடுத்த சீசனுக்கு ஒத்திவைக்கிறோம்.