புறுபுறுப்புக்கும் ஒரு விலாசம் வேணும்

வா மோனை, உந்தக் கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டிட்டு இரு. மாமி பிளேன்ரீ கொண்டு வாறா. சீனி கூடவோ குறைவோ எண்டதைக் குடிச்சாப் பிறகு சொல்லு. குடிக்க முந்தியே தீர்ப்புச் சொல்லுறது எங்கட பரம்பரை வியாதி.

நீ வந்து இறங்கின நாள் துவக்கம் நானும் காதைக் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறன். வெக்கை. நுளம்பு. கே.கே.எஸ். றோட்டிலை மினிபஸ்காரன்ரை ஹோண். வைஃபை இழுக்குதில்லை. கிணத்துத் தண்ணி உன்ரை தலைமயிருக்கு ஒத்துவருகுதில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தை நீட்டிப் போட்டார். எல்லாம் மெய்தான். பிரசங்கம் நீளம் எண்டதிலை எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நான் அதுக்குள்ளை நித்திரை கொண்டு லாபம் எடுத்திட்டன், நீ முழிச்சிருந்து நட்டப்பட்டிட்டாய்.

போன மாரியிலை ஸ்காபரோவிலை இருந்து ரெலிபோன் எடுத்து, ஸ்னோ தள்ளி இடுப்பு முறிஞ்சு போச்சு எண்டு அழுதனீ. இஞ்சை வந்து வேர்வை எண்டு அழுறாய். அப்ப ரெண்டுக்கும் நடுவிலை, பிளேனுக்குள்ளைதான் உனக்குத் தோதோ எண்டு கேப்பம் எண்டால், பிளேன் சாப்பாடு சரியில்லை எண்டு சொல்லிக்கொண்டல்லோ படலையைத் திறந்தனீ.

கோவிக்காதை. நீ வேதத்திலை இல்லாத ஒண்டையும் செய்யேல்லை. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒருக்கா எடுத்துப் பார். எகிப்திலை இருந்து வந்த இஸ்ரவேல் சனத்துக்கு வனாந்தரத்திலை காலமை காலமை மன்னா எண்ட சாப்பாடு விழுகுது. விதைக்கத் தேவையில்லை, இறைக்கத் தேவையில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை. பொறுக்கினால் சரி. எங்கட வெங்காயத் தோட்டக்காறனிட்டை உதைச் சொன்னால் கண்ணிலை தண்ணி வந்திடும். அந்தச் சனம் என்ன செய்தது? மோசேக்குக் கேக்கக்கூடியதாய் ஒரு சிட்டை வாசிச்சது. மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, கீரை, வெங்காயம், உள்ளி. இது முறைப்பாடு இல்லையடா, மருதனார்மடம் சந்தையிலை விடியக்காலமை கூவி விக்கிற சாமான்.

சிட்டையிலை என்ன இல்லை எண்டு பார்த்தியே? செங்கல் அறுத்தது இல்லை. முதுகிலை விழுந்த அடி இல்லை. பிறந்த ஆம்பிளைப் பிள்ளையளை ஆத்திலை போட்டது இல்லை. வெங்காயம் மட்டும் நினைவிலை நிக்குது. எகிப்திலை மீன் சும்மா கிடைச்சதாம். அடிமைக்கு எல்லாம் சும்மாதானே, சம்பளம் உட்பட.

நாங்களும் திறமில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை எண்டு கிடந்த காலத்தைப் பற்றி இப்ப சில பேர் கதைக்கிறதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சை வைச்சு, நாலு துளி மண்ணெண்ணெய் விட்டு, நூல்போலை ஒரு திரி போட்டு, அந்த வெளிச்சத்திலை பிள்ளையள் சோதினைக்குப் படிச்சது மெய். சைக்கிள் டைனமோவை ஒருத்தர் சுத்த, மற்றவை பி.பி.சி. தமிழோசை கேட்டதும் மெய். ஆனால் நாங்கள் எல்லாரும் அந்த விளக்குக்கு முன்னாலை இருந்து விடிய விடிய ஸ்தோத்திரம் பாடினனாங்கள் எண்டு மட்டும் உன்ரை பிள்ளையளுக்குச் சொல்லிப் போடாதை. பக்கத்து வீட்டுத் திரி எங்கட திரியிலும் பார்க்கத் தடிப்பு எண்டு புறுபுறுத்த சனம் நாங்கள்.

பேந்து கரண்ட் வந்தது. 24 வருசம் இல்லாத ரயில் 2014 ஒக்ரோபரிலை யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குள்ளை வந்து நிண்டது. அண்டைக்குக் கண் கலங்கின ஆக்களை நான் கண்டனான். அதே ஆக்கள் இப்ப ரயில் அரை மணித்தியாலம் பிந்தினால் பேசுற பேச்சை வேதக்காறன் வாயாலை சொல்லக்கூடாது. மன்னாவுக்குப் புறுபுறுத்த சனத்துக்குக் கர்த்தர் காடையும் குடுத்துப் பார்த்தவர். ஒரு மாசத்துக்கு, மூக்காலை வரும்மட்டும். புறுபுறுப்பு நிண்டுதே? எண்ணாகமம் முடியக் கிடக்கு இன்னும் இருபதுக்கு மேலை அதிகாரம், வாசிச்சுப் பார். குறைச்சலாலை வந்த வருத்தமாய் இருந்தால் கூடக் குடுக்கச் சுகம் வரவேணும். வரேல்லை. அப்ப வருத்தம் வேறை இடத்திலை.

உடனை நீ கேக்கப்போறாய், “அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ மாமா?” எண்டு. அப்பிடிச் சொல்லுறவையும் இருக்கினம். பெண்சாதிக்கு அடிக்கிறவனும், கூலிக்காறனுக்குச் சம்பளம் குடுக்காதவனும் போதுமென்ற மனதைப் பற்றி வடிவாய்ப் பிரசங்கம் பண்ணுவான். அந்தக் கூட்டத்திலை என்னைச் சேர்க்காதை.

அதே எண்ணாகமத்திலை, அதே வனாந்தரத்திலை, 27ஆம் அதிகாரத்திலை அஞ்சு பெட்டையள் வருகினம். செலொப்பியாத்தின்ரை மக்கள். தேப்பனுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. காணி பங்கு வைக்கேக்கை எங்களுக்கு இல்லையோ எண்டு கேக்கினம். எங்கை நிண்டு கேட்டவை? கிணத்தடியிலை இல்லை, கூடாரத்துக்குப் பின்னாலை இல்லை. மோசே, ஆசாரியன், பிரபுக்கள், முழுச் சபை எல்லாருக்கும் முன்னாலை நிண்டு கேட்டவை. பெட்டையள் சொல்லுறது நியாயம் எண்டு கர்த்தரே சொல்லிப் போட்டார். (பெட்டையளுக்குக் காணி எண்டால் எங்கடயாக்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒல்லாந்தர் 1707இலை தேசவழமையை எழுத்திலை போட முந்தியே சீதனக் காணிக்குச் சண்டை பிடிச்ச ஊர் இது.)

வெங்காயத்துக்கு அழுததும் அந்தச் சனம்தான், காணிக்குக் கேட்டவையும் அந்தச் சனத்துக்குள்ளைதான். வித்தியாசம் விலாசத்திலை, விளங்குதோ? திருத்தக்கூடிய ஆளுக்கு முன்னாலை நிண்டு சொன்னால் அது விண்ணப்பம். திருத்தேலாத ஆளின்ரை காதுக்குள்ளை ஊத்தினால் அது புறுபுறுப்பு. வெக்கை எண்டு மாமிக்குச் சொல்லி என்ன? மாமி போய்ச் சூரியனை நூக்கிறதோ?

பவுலைப் பார். பிலிப்பியிலை அடிச்சுப்போட்டுத் தொழுமரத்திலை காலை மாட்டி விட்டாங்கள். நடுச்சாமத்திலை மனுசன் சீலாவோடை சேர்ந்து பாட்டுப் படிக்கிறார். இந்த மட்டும் எல்லாப் பிரசங்கத்திலையும் வரும். விடிஞ்சாப் பிறகு நடந்ததை எங்கட போதகர்மார் அவ்வளவாய்த் தொடமாட்டினம். அதிகாரியள் ஆள் அனுப்பி, சத்தம் போடாமல் வெளியிலை போகச் சொன்னவை. “விசாரணை இல்லாமல் எல்லாருக்கும் முன்னாலை எங்களுக்கு அடிச்சுப்போட்டு இப்ப ஒளிச்சு அனுப்பவோ? நாங்கள் ரோமர். அவையே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்” எண்டு பவுல் சொல்லிப் போட்டார். அவையும் பயந்துபோய் வந்து மன்றாடினவை. ராவிலை பாட்டு, விடியச் சட்டம். பாட்டுப் படிச்சவனாலைதான் சட்டத்தைச் சத்தம் போடாமல் கதைக்க ஏலும் எண்டு நான் நினைக்கிறன். புறுபுறுத்துக்கொண்டு கிடந்திருந்தால் விடியத் தொண்டை கட்டியிருக்கும்.

அந்தப் பிலிப்பி ஆக்களுக்குத்தான் பிறகு இன்னொரு மறியலுக்குள்ளை இருந்து காயிதம் எழுதினவர், எந்த நிலையிலும் திருப்தியாய் இருக்கப் படிச்சுக்கொண்டன் எண்டு. படிச்சவராம். பிறக்கேக்கை கொண்டு வரேல்லை. அதாலை உனக்கும் பயமில்லை, வயது போனாலும் பள்ளிக்கூடத்திலை சேரலாம்.

விண்ணப்பத்துக்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை, சுன்னாகம் கூப்பிடு தூரம். மின்நிலையத்தைச் சுத்தின கிணறுகளிலை எண்ணெய் கலந்து, சனம் பவுசர் தண்ணிக்கு வாளியோடை நிண்டது உனக்கும் தெரியும். கர்த்தர் தந்தது போதும் எண்டு அந்தத் தண்ணியை அள்ளிக் குடிக்கச் சொல்லுறவன் விசுவாசியில்லை, விசரன். விசயம் உச்ச நீதிமன்றம் மட்டும் போய், 2019இலை ரெண்டு கோடி ரூபாய் நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கொழும்புக்கு வழக்காய்ப் போனபடியால் வந்தது. சந்திக் கடையிலை தேத்தண்ணியோடை கதைச்ச ஆக்களாலை வரேல்லை, அந்தக் கடையிலை நானும் இருந்தனான்.

விலாசம் ஒண்டும் அம்பிடாட்டில் மேலை பார்த்துச் சொல்லு. சங்கீதம் 150க்குள்ளை ஏன் கைவிட்டனீர், எவ்வளவு காலம் எண்டு மூஞ்சைக்கு நேரை கேக்கிற பாட்டு கனக்கக் கிடக்கு. அவர் கோவிக்கேல்லை, புத்தகத்திலை சேர்த்து வைச்சிருக்கிறார்.

இனி நன்றிக்கு வருவம். சுகமான பத்துக் குட்டரோகியளிலை ஒருத்தன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் எண்டு சின்னப் பள்ளிக்கூடத்திலையே படிச்சிருப்பாய். மற்ற ஒன்பது பேரிலையும் எனக்குக் கொஞ்சம் இரக்கம். ஆசாரியனிட்டைப் போய்க் காட்டச் சொன்னதே இயேசுதானே. அவங்கள் கெட்டவங்கள் இல்லை, அவசரக்காறர். வீட்டுக்கும் போகவேணும், எத்தினை வருசமோ. ஆனால் நன்றி எண்டால் வந்த வழியிலை திரும்பி நடக்கவேணும். அதுக்கு நேரம் செலவு. ஒரு சமாரியன், ஊராரும் இல்லாதவன், அந்தச் செலவைச் செய்தான்.

அப்பிடி ஊராரும் இல்லாமல் நேரத்தைச் செலவு செய்த இன்னொரு ஆள், உடுவிலிலை இருந்த எலைசா அக்னியூ எண்ட அமெரிக்க மனுசி. 1840இலை பாய்க்கப்பலிலை வந்து, 1879 மட்டும் அங்கத்தைப் பெட்டையளின்ரை பள்ளிக்கூடத்தை நடத்தி, 1883இலை மானிப்பாயிலை கண்ணை மூடினவ. 43 வருசம். ஒருக்காலும் ஊருக்குத் திரும்பிப் போகேல்லை. பிள்ளை குட்டி இல்லாத மனுசிக்கு ஆயிரம் பெண்பிள்ளையளின்ரை தாய் எண்டு பேர். வெக்கை அவவுக்கும் வெக்கைதான், ஃபேன் கூட இல்லை. நுளம்பும் வெள்ளைக்காறி எண்டு விட்டிருக்காது. அவவுக்கு முறைப்பாடே இருக்கேல்லை எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன், ஆயிரம் பெட்டையளை வைச்சிருந்தவ. ஆனால் கனக்க வேலை இருந்தது. வேலை இல்லாதவனுக்குத்தான் வைஃபை இழுக்காதது பெரிசாய்த் தெரியும்.

உங்கை மருதனார்மடம் சந்தியிலை இருந்து எட்டி நடந்தால் கிறிஸ்த சேவா ஆச்சிரமம். 1939இலை சேவக் செல்வரத்தினம் தொடங்கினது. குறைய வைச்சுக்கொண்டு இருக்கிறதையும் செபத்தையும் ஒண்டாய்ப் பழகிற இடம். நாளைக்கு வாவன், ஒருக்காப் போய் இருந்திட்டு வருவம். அங்கை போய் உதிலை ஏசி இல்லையோ எண்டு மட்டும் கேட்டிடாதை.

கொம்மாவின்ரை குசினியிலை ஒரு பானை இருந்தது நினைவிருக்கோ? உலை வைக்கேக்கை ஒரு பிடி அரிசியை அள்ளி அதுக்குள்ளை புறம்பாய்ப் போடுவா. பிடியரிசி. பிறகு தேவாலயத்துக்குப் போகும். கடுமையான பஞ்சத்திலையும் அவ போட்டவ. எங்களுக்கே காணாது எண்டு கொப்பர் புறுபுறுப்பார், அவ கேளாத மாதிரி அள்ளுவா. அதிலை ஒரு சூக்குமம் இருக்கு பார். மிஞ்சினதிலை இருந்து எடுக்கிறேல்லை, பசிக்க முந்தி எடுக்கிறது. ஒரு பிடியை விட்டுக் குடுத்தாப் பிறகு மிச்சம் எப்பிடியோ போதுமாய்த்தான் இருந்தது.

உனக்கும் ஒரு பானை வாங்கி வைப்பம். ஒவ்வொரு புறுபுறுப்புக்கும் ஒரு பிடி. வெக்கைக்கு ஒண்டு, நுளம்புக்கு ஒண்டு, மினிபஸ்காரனுக்கு ரெண்டு. உன்ரை கணக்குக்கு இந்தக் கிழமை முடிய முந்தி ஒரு மூட்டை நிரம்பும். எனக்கு ஒரே ஒரு பயம்தான். போதகர் கணக்கைப் பார்த்தால் உன்னைக் கனடாவுக்குத் திரும்பிப் போக விடமாட்டார்.